கல் வைத்துப் பழுக்க வைத்தார்களா?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒரு கட்டு மட்டும் பெருத்துக்கொண்டே போனது. எல்லாவற்றிலும் ஒரே வரி: "வாய் திறக்கலைன்னு சொல்லிட்டாங்க டாக்டர்." அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளில் முப்பத்திரண்டு வருஷம் நின்று ஓய்வு பெற்றவள் நான். அந்த வரியை நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். எந்த வாய், ஏன் திறக்கவில்லை, திறப்பது யார் கையில் இருக்கிறது என்று நின்று விளக்க அங்கே நேரம் இருந்ததில்லை. அந்தக் கடனை இந்த இதழில் கொஞ்சம் அடைக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

எனக்குத் தலைப்பிரசவம். தேதி முடிந்து நாலு நாள் ஆகியும் வலி வரவில்லை. டாக்டர் கையுறை போட்டுப் பார்த்துவிட்டு, "வாய் இன்னும் கெட்டியா இருக்கு" என்று ஜெல் வைத்தார். மறுநாள் சுகப்பிரசவம். ஆனால் என் மாமியார், "கல் வச்சு மாம்பழத்தைப் பழுக்க வைக்கிற மாதிரி என் பேரனைப் பழுக்க வச்சு எடுத்துட்டாங்க" என்று பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். பிள்ளைக்குப் பின்னாடி ஏதாவது வருமா? (வாசகி, அரியலூர்)

முதலில் உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கோபத்தில் அவர் சொன்ன சொல்தான் எங்கள் பாடத்திலும் இருக்கிறது. பிரசவத்துக்குக் கருப்பை வாய் தயாராவதை நாங்களும் பழுப்பது என்றே சொல்கிறோம். பேரனைப் பழுக்க வைத்தார்கள் என்றது மட்டும்தான் பிசகு. பழுத்தது வாய்.

உங்கள் மூக்கு நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். கர்ப்பம் இல்லாத பெண்ணின் கருப்பை வாய் கைக்கு அப்படித்தான் தட்டுப்படும். இப்போது உதட்டைத் தொடுங்கள். பிரசவத்துக்குத் தயாரான வாய் அப்படி இருக்கும். எங்கள் பேராசிரியை இதைச் சொல்லிக்கொடுத்த அன்று வகுப்பு முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கருப்பை வாய் என்பது மூன்று, நாலு சென்டிமீட்டர் நீளமுள்ள சின்னக் குழாய். கருப்பையின் உடல் பகுதி முழுக்கத் தசை; இந்த வாயில் தசை கொஞ்சம்தான். மீதி கொலாஜன் என்கிற நார். தேங்காய் நாரை முறுக்கிக் கயிறாக்கி, அந்தக் கயிறுகளை ஒன்றோடொன்று பின்னிக் கட்டியது மாதிரி இருக்கும். ஒன்பது மாதம் பிள்ளை, தண்ணீர், நஞ்சு எல்லாவற்றின் பாரத்தையும் கீழே விழாமல் தாங்குகிற கட்டு அது. பிரசவத்தன்று அதுவே 10 சென்டிமீட்டர் விரிந்து தலைக்கு வழிவிட வேண்டும். கயிற்றை இழுத்து அறுத்தால் ரத்தக்களரி. அதனால் உடம்பு கயிற்றை இழுப்பதில்லை, ஊறவைக்கிறது.

ஊறவைக்கிற வேலை பல வாரமாக ரகசியமாக நடக்கும். நார்களுக்கு நடுவே உள்ள முடிச்சுகள் குறையும். ஹையலூரானிக் அமிலம் என்ற பொருள் சேரும். முகத்துக்குத் தடவுகிற சீரம் விளம்பரங்களில் கேட்டிருப்பீர்களே, அதேதான். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். இடையில் வெள்ளணுக்கள் வந்து இறங்கி, நாரைக் கரைக்கிற நொதிகளைக் கக்கும். நார் உப்பி, தளர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று வழுக்க ஆரம்பிக்கும். எங்கள் வார்டில் ஆயா ஒருவர் இருந்தார். நாங்கள் பரிசோதித்துவிட்டு வெளியே வரும்போது முகத்தைப் பார்த்தே, "இன்னும் காயா, செங்காயா?" என்று கேட்பார். செங்காய் என்றால் வெந்நீர் வைக்கப் போவார். காய் என்றால் போய்ப் படுத்துவிடுவார்.

இந்தக் காயைக் காயாகவே வைத்திருப்பது புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன். முதல் இரண்டு மாதம் சூலகத்திலிருந்தும், பிறகு நஞ்சுக்கொடியிலிருந்தும் வருகிறது. கருப்பைக்கு "சும்மா இரு" என்றும் வாய்க்கு "இறுகி இரு" என்றும் ஒன்பது மாதம் சொல்லிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டில் ஆடு உண்டென்றால், குட்டி போடும் நேரத்தில் அதன் ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் மளமளவென்று இறங்கிவிடும். பிறகு வாய் நெகிழும், வலி வரும். கணக்கு சுலபம். மனுஷிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பிரசவ நாள் வரைக்கும் ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் ஏறித்தான் இருக்கும். அப்படியானால் கட்டு எப்படி அவிழ்கிறது? வீட்டில் பெரியவர் குரல் அதேபோல உரக்கத்தான் கேட்கிறது, பிள்ளைகள்தான் காது கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த ஹார்மோனை வாங்கிக்கொள்கிற ஏற்பிகள் கடைசி வாரங்களில் வேறு ரகமாக மாறி, அது சொல்வதை எடுத்துக்கொள்ளாமல் விடுகின்றன. அதே சமயம் ஈஸ்ட்ரோஜன் கை ஓங்குகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு: அந்த ஈஸ்ட்ரோஜனை நஞ்சுக்கொடி தனியாகச் செய்ய முடியாது. கச்சாப் பொருளை வயிற்றில் இருக்கிற பிள்ளை தன் அட்ரினல் சுரப்பியிலிருந்து அனுப்ப வேண்டும். கதவைத் திறக்கச் சொல்வதில் உங்கள் மகனுக்கும் பங்கு உண்டு என்று மாமியாரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

கடைசிக் கட்டத்தில் வாயிலும் பனிக்குடச் சவ்விலும் புரோஸ்டாகிளாண்டின் சுரக்கிறது. வெள்ளணுக்களைக் கூப்பிடுவதும், நாரை நெகிழ வைப்பதும், கூடவே கருப்பையை மெல்லச் சுருங்க வைப்பதும் அதன் வேலை. உங்களுக்கு வைத்த ஜெல் அதே பொருள்தான்: டைனோபுரோஸ்டோன், அதாவது புரோஸ்டாகிளாண்டின் ஈ2. அரை மில்லிகிராம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, ஊசி இல்லாத சின்னச் சிரிஞ்சால் வாய்க்குள் விட்டு, கொஞ்ச நேரம் எழுந்திருக்காதே என்று சொல்லியிருப்பார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்திருப்பார்கள்.

இப்போது மாம்பழத்துக்கு வருவோம். மாங்காயைப் பழுக்க வைப்பதும் ஒரு ஹார்மோன்தான், எத்திலீன் என்ற வாயு. கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் வருவது அசிட்டிலீன். அது எத்திலீன் வேஷம் போட்டுக் காயை ஏமாற்றும். தோல் மஞ்சளாகும், கொட்டையைச் சுற்றிப் புளிக்கும். போதாததற்கு அந்தக் கல்லில் ஆர்செனிக் அழுக்கு வேறு. அதனால்தான் தடை செய்திருக்கிறார்கள். ஜெல் வேஷம் போடுகிற பொருள் இல்லை. ஒரு பழுத்த பழத்தைக் காய்களோடு வைத்து வைக்கோலில் மூடுவோமே, மாமியார் அதை வேண்டுமானால் சொல்லிக்கொள்ளட்டும்.

பிள்ளைக்குப் பின்னாளில் ஒன்றும் வராது. தாயின் ரத்தத்தில் கலக்கிற புரோஸ்டாகிளாண்டின் நுரையீரலைக் கடக்கும்போதே பெரும்பகுதி உடைந்துபோகும். ஆபத்து இருந்தால் அது அன்றைக்குத்தான்: சிலருக்கு வலி விட்டு விட்டு வராமல் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து பிள்ளையின் இதயத்துடிப்பு தளரும். அதற்காகத்தான் வயிற்றில் பெல்ட் கட்டித் துடிப்பு பார்த்திருப்பார்கள்.

என் மனைவியின் கேஸ் ஷீட்டில் "பிஷப் 3" என்று எழுதியிருந்தது. அது கிறிஸ்தவ மருத்துவமனையும் இல்லை. பிஷப் எங்கே வந்தார்? மேலும், முதல் நாளே டிரிப்ஸ் போட்டு வலி ஏற்றாமல் ஒரு நாள் முழுக்க ஜெல் வைத்துக் காத்திருந்தது ஏன்? வலி வந்தால் தானாகத் திறந்துவிடாதா? (வாசகர், ஓசூர்)

பாதிரியார் யாரும் வரவில்லை. எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 1964ல் போட்டுக் கொடுத்த மதிப்பெண் அது. வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, கெட்டியா மெத்தென்றா, பின்னால் திரும்பியிருக்கிறதா முன்னால் வந்துவிட்டதா, பிள்ளையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது. இந்த ஐந்துக்கும் மதிப்பெண் போட்டால் மொத்தம் 13. எட்டுக்கு மேல் என்றால் வாய் பழுத்துவிட்டது. ஆறும் அதற்குக் கீழும் காய். உங்கள் மனைவிக்கு 3.

இரண்டாவது கேள்விக்கு என் சொந்தத் தப்பைச் சொன்னால்தான் புரியும். 1988ல் நான் பயிற்சி மருத்துவர். ராத்திரி டியூட்டி. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண், தேதி தாண்டியிருந்தது. அவசரத்தில் வாயைச் சரியாகத் தொட்டுப் பார்க்காமல் ஆக்ஸிடோசின் டிரிப்ஸைத் தொடங்கினேன். நிமிஷத்துக்கு எட்டுச் சொட்டு, அரை மணிக்கு ஒரு தடவை ஏற்றினேன். பன்னிரண்டு மணிக்கு மூன்று நிமிஷத்துக்கு ஒரு வலி. அந்தப் பெண் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. "நல்லா வலிக்குது, விடியறதுக்குள்ள ஆயிடும்" என்று நான் தெம்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்கு வந்த தலைமை மருத்துவர் பரிசோதித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மூக்கு மாதிரி இருக்கு. இதுக்கு மேல ராத்திரி பூரா எதுக்கு ஊத்துனே?" டிரிப்ஸை நிறுத்தி, சாப்பிட வைத்து, தூங்க வைத்தோம். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்குத் தானாக வலி கண்டு, மதியத்துக்குள் பெண் குழந்தை. நான் பிள்ளையைக் காட்டியபோது, "அப்போ அன்னைக்கு ராத்திரி வலி எதுக்கு டாக்டரம்மா?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

ஆக்ஸிடோசின் நல்ல ஹார்மோன்தான். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரியிலிருந்து வருவது. பிட்யூட்டரியின் சாறு கருப்பையைச் சுருக்குகிறது என்று இங்கிலாந்து விஞ்ஞானி ஹென்றி டேல் 1906ல் எழுதினார். 1953ல் அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ ஆக்ஸிடோசினை ஆய்வகத்திலேயே செய்து காட்டி, இரண்டு வருஷத்தில் நோபல் பரிசு வாங்கினார். ஆனால் அது தசைக்கான மருந்து. வாயில் தசை கொஞ்சம்தான் என்று மேலே சொன்னேனே, அங்கே நாரை ஊறவைக்க அதற்குத் தெரியாது. ஊறாத கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் இழுக்கிறவருக்குத்தான் கை வலிக்கும். உங்கள் மனைவியின் மருத்துவர்கள் ஒரு நாள் காத்தது அந்த வலியை மிச்சப்படுத்தத்தான். பழுத்த பிறகு டிரிப்ஸ் போட்டால் அதே மருந்து கொஞ்சத்திலேயே வேலை செய்யும்.

இதில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாம் முறையாகச் செய்தும் பழுக்காத வாய் உண்டு. ஜெல் வைத்து, டிரிப்ஸ் போட்டு, கடைசியில் சிசேரியன் ஆனால் "அவளுக்குத் திறக்கத் தெரியல" என்று வீட்டில் பேசுவார்கள். எந்தப் பெண்ணும் கருப்பை வாயைத் தன் விருப்பப்படி திறக்கவோ மூடவோ முடியாது. உங்கள் வீட்டில் அப்படி யாராவது பேசினால் நீங்கள்தான் தடுக்க வேண்டும் சார், உங்கள் மனைவியை எதிர்த்துப் பேச வைக்காதீர்கள்.

ஒன்பதாம் மாதம் தரையைக் குத்தவைத்துத் துடைத்தால் வாய் திறக்கும் என்கிறார்களே? (வாசகி, பழனி)

தரை சுத்தமாகும்.

எங்கள் அம்மா காலத்தில் நாள் தள்ளிப்போனால் விளக்கெண்ணெய் கொடுத்து அரை நாளில் வலி வரவைப்பார்கள். நானே இரண்டு பேத்திகளுக்குக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது பேத்தி "டாக்டர் திட்டுவார்" என்று குடிக்க மறுக்கிறாள். நாங்கள் செய்தது எல்லாம் மூடத்தனமா? (எழுபத்து நான்கு வயது வாசகி, தேனி)

இல்லை பாட்டி. நீங்கள் செய்ததில் விஷயம் இருக்கிறது. விளக்கெண்ணெய் குடலுக்குள் போனதும் ரிசினோலெயிக் அமிலம் பிரிகிறது. அது எந்த வழியில் கருப்பையைச் சுருக்குகிறது என்று 2012ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் எலியில் கண்டுபிடித்தார்கள்: புரோஸ்டாகிளாண்டின் போய் உட்காருகிற ஓர் ஏற்பியிலேயே இதுவும் போய் உட்காருகிறது. நாங்கள் குளிர்பெட்டியில் வைத்திருக்கிற சிரிஞ்சுக்கு உங்கள் அடுப்படிப் புட்டி தூரத்துச் சொந்தம்.

ஆனால் பேத்தி சொல்வதும் சரி. அதே ஏற்பி குடலிலும் இருக்கிறது. பேதி போகும், குமட்டும், உடம்பில் தண்ணீர் வற்றும். வற்றிய உடம்போடு வலிக்குள் போகிற பெண் நடுவழியிலேயே சோர்ந்துவிடுவாள். அளவு என்று ஒன்றை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. வீட்டில் துடிப்பு பார்க்கிற கருவியும் கிடையாது. ஏற்கெனவே சிசேரியன் ஆன பெண்ணுக்கு யாராவது கொடுத்துவிட்டால் பழைய தையல் இடம் பிரிகிற பயமும் உண்டு. பேத்திக்கு விளக்கெண்ணெய் வேண்டாம். ஏதாவது கொடுத்தே தீர வேண்டும் என்றால் பேரீச்சம்பழம் கொடுங்கள். கடைசி நாலு வாரம் தினம் ஆறு பழம் சாப்பிட்டவர்களுக்கு மருத்துவமனைக்கு வரும்போதே வாய் கூடுதலாகத் திறந்திருந்தது என்று ஜோர்டானில் ஒரு சின்ன ஆய்வு 2011ல் வந்தது. நான் அதைப் பெரிதாக நம்பச் சொல்லவில்லை. ஆனால் பழம்தானே, சர்க்கரை நோய் இல்லாதவள் என்றால் கெடுதல் இல்லை.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நாள் நெருங்கும்போது கணவன் மனைவி சேர்ந்தால் பிரசவம் சுலபமாகும் என்று என் தோழி சொல்கிறாள். மாமியார் வீட்டில் ஏழாம் மாதத்திலிருந்தே அறையைப் பிரித்துவிட்டார்கள். எது சரி? (ஊரும் வேண்டாம்)

கூச்சப்பட ஒன்றுமில்லை, நோபல் பரிசு வாங்கிய சமாசாரம் இது. ஸ்வீடனில் உல்ஃப் வான் ஆய்லர் 1930களில் ஆணின் விந்து நீரில் கருப்பைத் தசையைச் சுருக்குகிற ஒரு பொருளைக் கண்டார். அது புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது என்று நினைத்து புரோஸ்டாகிளாண்டின் என்று பெயர் வைத்தார். உண்மையில் பெரும்பகுதி வருவது பக்கத்தில் உள்ள வேறொரு சுரப்பியிலிருந்து. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதில் அடுத்தடுத்து நடந்த ஆராய்ச்சிகளுக்கு 1982ல் மூன்று பேருக்குப் பரிசு. ஆக, உங்கள் தோழியின் தர்க்கம் தப்பில்லை. ஆனால் செய்து பார்த்த ஆய்வுகளில், சேர்ந்த தம்பதிகளுக்குப் பிரசவ வலி முன்னதாக வந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. பிரசவத்துக்காக என்று கடமைக்குச் செய்ய வேண்டியதில்லை. ஆசை இருந்தால் தடையும் இல்லை. ரத்தம் பட்டிருந்தாலோ, நஞ்சு கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தாலோ, பனிக்குடம் உடைந்திருந்தாலோ, குறைப்பிரசவ பயம் இருந்தாலோ வேண்டவே வேண்டாம். மற்றபடி ஏழாம் மாதத்தில் அறையைப் பிரிப்பது குடும்ப வழக்கம், மருத்துவக் காரணம் இல்லை.

ரிலாக்ஸின் என்ற ஹார்மோன்தான் வாயையும் இடுப்பு எலும்பையும் தளர்த்துகிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதை மருந்தாகக் கொடுக்க மாட்டார்களா? (வாசகி, கும்பகோணம்)

கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். 1926ல் ஃபிரடெரிக் ஹிசா கினிப்பன்றிகளில் கண்டுபிடித்தது அது. கினிப்பன்றிக்கும் பன்றிக்கும் பிரமாதமாக வேலை செய்கிறது. மனிதர்களில் அது உச்சத்தில் இருப்பதே முதல் மூன்று மாதத்தில்தான். பெண்களுக்கு வாயைப் பழுக்க வைக்கக் கொடுத்த சோதனைகளில் பலன் இல்லை.

எனக்கு இரண்டு தடவை ஐந்தாம் மாதத்தில் வலியே இல்லாமல் குழந்தை வெளியே வந்துவிட்டது. இப்போது மூன்றாவது. 13 வாரம். வாயில் தையல் போட வேண்டும் என்கிறார்கள். கூடவே இரவில் வைத்துக்கொள்ள மாத்திரையும் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் முழுக்கப் படுத்தே இருந்தால் போதாதா? (வாசகி, கடலூர்)

மற்றவர்களுக்குப் பழுக்கவில்லை என்று கவலை. உங்களுக்கு வேளைக்கு முன்னே திறந்துகொள்கிறது. இரண்டு குழந்தைகளை அப்படி இழந்திருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

தையல் என்ற சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். நம் பாட்டிகள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். வாயைச் சுற்றி ஒரு நாடாவை ஓட்டி இழுத்து முடிச்சுப் போடுவார்கள், அவ்வளவுதான். உலகமெங்கும் போடுகிற இந்தத் தையலைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர். கோவாவில் பிறந்து பம்பாயில் வேலை பார்த்த மருத்துவர் வி. என். ஷிரோத்கர். பெண்ணின் தொடையிலிருந்தே ஒரு பட்டைச் சவ்வை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டினார். அதை 1955ல் அவர் எழுதி வெளியிட்டது சென்னையில் தொடங்கிய 'ஆன்டிசெப்டிக்' என்ற மருத்துவ இதழில். இரண்டு வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவில் மெக்டொனால்ட் இன்னும் எளிய முறை ஒன்றைச் சொன்னார். இன்று பெரும்பாலும் போடுவது அது. முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, சின்ன நேரத்தில் முடிந்துவிடும். உங்களைப் போலத் திரும்பத் திரும்ப இழந்தவர்களுக்கு 12லிருந்து 14 வாரத்துக்குள் போடுவது வழக்கம். 36, 37 வாரத்தில் பிரித்துவிடுவார்கள். அதற்கு முன்பே வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ உடனே ஓட வேண்டும். தையல் இருக்கும்போது வலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

இரவில் பிறப்புறுப்பில் வைக்கிற மாத்திரை புரோஜெஸ்டிரான். "இறுகி இரு" என்று சொல்கிற அதே பெரியவர்தான். குரல் போதாத இடத்தில் பக்கத்திலேயே போய் நின்று சொல்ல வைக்கிறோம். ஸ்கேனில் வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்கு இது குறைப்பிரசவத்தைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. வாராவாரம் இடுப்பில் போடுகிற புரோஜெஸ்டிரான் வகை ஊசி வேறு கதை. பலன் நிரூபணம் ஆகவில்லை என்று அமெரிக்காவில் 2023ல் அதன் அனுமதியையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். யாராவது அந்த ஊசியை எழுதினால் எதற்கு என்று கேளுங்கள்.

படுத்தே இருப்பதைப் பற்றி. கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைத்து, தலையைத் தாழ்த்தி, மாதக்கணக்கில் படுக்கவைத்த காலத்தில் நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அதனால் குறைப்பிரசவம் குறைந்ததாக எந்த ஆய்விலும் வரவில்லை. காலில் ரத்தம் கட்டியதும், மனசு உடைந்ததும்தான் மிச்சம். கனம் தூக்காதீர்கள், நீண்ட நேரம் நிற்காதீர்கள். எழுந்து நடமாடுங்கள், கழிவறைக்கு நீங்களே போங்கள்.

என் அக்காவுக்கு முதல் குழந்தை சிசேரியன். இரண்டாவதுக்குச் சுகப்பிரசவம் முயற்சி செய்யலாம் என்றவர்கள், ஜெல் வைக்காமல் மூத்திரம் போகிற டியூபை வாய்க்குள் விட்டு பலூனை ஊதினார்கள். மருந்து இல்லாத குறையா? (வாசகி, திருப்பத்தூர்)

குறை இல்லை, ஜாக்கிரதை. பழைய சிசேரியன் தழும்பு இருக்கும்போது புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்துகள், முக்கியமாக மிசோபுரோஸ்டால், வலியை வேகமாக்கித் தழும்பைப் பிரித்துவிடலாம். அதனால் ஃபோலி டியூப். மூத்திரத்துக்குப் போடுவதும் அதேதான், புதிதாகப் பிரித்ததுதான், பயப்படாதீர்கள். 30 மில்லி தண்ணீரில் பலூனை உப்ப வைத்தால் அது வாயை உள்ளிருந்து அழுத்தும். அந்த அழுத்தத்தில் சவ்வு சற்றுப் பிரிந்து, அங்கேயே உடம்பு தன் புரோஸ்டாகிளாண்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கும். வாய் மூன்று சென்டிமீட்டர் அளவுக்குத் திறந்ததும் பலூன் தானே நழுவி விழும். பல பெண்கள் "என்னமோ விழுந்துடுச்சு" என்று அலறியிருக்கிறார்கள். அது விழுந்தால் எங்களுக்குச் சந்தோஷம்.

எனக்கு 38 வாரம். நேற்று கோழை மாதிரி, லேசாக ரத்தம் கலந்து பட்டது. வயிறு அவ்வப்போது கல்லாகி இறங்குகிறது. அம்மா சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் கொடுத்தார். மருத்துவமனைக்குப் போனால் "இன்னும் நேரம் இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்போது மறுபடி போவது? (வாசகி, சங்கரன்கோவில்)

அந்தக் கோழை ஒன்பது மாதமாக உங்கள் கருப்பை வாயை அடைத்திருந்த மூடி. வாய் நெகிழ ஆரம்பித்ததால் நழுவியிருக்கிறது. இன்றே பிரசவம் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். அம்மா கொடுத்த சீரகத் தண்ணீரைக் குடியுங்கள், வெந்நீரில் குளியுங்கள், படுத்துப் பாருங்கள். சூட்டு வலி என்றால் அடங்கிவிடும். நிஜ வலி அடங்காது. இடுப்பிலிருந்து கிளம்பி முன்னால் வரும், இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று என்று ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்புங்கள். கடிகாரத்தை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், நீங்கள் எண்ண வேண்டாம்.

கோழை இல்லாமல் மாதவிலக்கு போல ரத்தமே பட்டாலோ, தண்ணீர் உடைந்தாலோ, பிள்ளை அசைவது குறைந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் அந்த நிமிஷமே போக வேண்டும். பனிக்குடத் தண்ணீர் பச்சையாக இருந்தால் அதைச் சொல்ல மறக்காதீர்கள். துணியை அலசிவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள். சங்கரன்கோவிலில் ராத்திரியில் ஆட்டோ தேடிக்கொண்டு நிற்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.